இரண்டு டிகிரி கூடுதல்

1996இல் நெய்யாற்றின்கரையில் ஒரு மாடி அறையில், மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளைக் கண்காணிக்கும் சின்னக் கருவிகளுக்கு இயங்குதளம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர், ஒரு ஏசி, முதலாளி விஜயதாஸ். வெப்பநிலையைச் சொல்லும் மாட்யூல் பிரசீதாவுடையது. மற்ற புரோகிராம்கள் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அவ்வளவுதான் அவற்றுக்குள் உறவு.

இரண்டாம் பதிப்புக்காக மாட்யூலைத் திரும்ப எழுதும்போதுதான் பிரசீதா பார்த்தாள். மூன்று வருஷமாக அது இரண்டு டிகிரி கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் செய்த தப்பு. வெட்கத்தில் காது சூடேறியது. யாரிடமும் மூச்சுவிடாமல், காதும் காதும் வைத்த மாதிரி திருத்தினாள். கூப்பிடும் பெயரை மாற்றவில்லை, எண்ணைத் தரும் முறையையும் மாற்றவில்லை. பழைய புரோகிராம்கள் எல்லாம் முக்கல் முனகல் இல்லாமல் ஓடின. அதில் அவளுக்குப் பெருமை வேறு, பாவம்.

இரண்டாம் பதிப்பு கருவிகளில் ஏறிய பதினோராம் நாள் ஆரியங்கோட்டுப் பக்கத்துக் கிளினிக் ஒன்றிலிருந்து நர்ஸ் போன் செய்தார். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்த தெர்மாமீட்டரில் ஒன்பதரை. எட்டைத் தாண்டியதும் அலற வேண்டிய மணி வாயே திறக்கவில்லை. சொட்டு மருந்து முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் கண்டது நல்லகாலம்.

மணியடிக்கும் புரோகிராமை எழுதிக் கொடுத்தவன், பனச்சமூட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜித்தின். விஜயதாஸ் பிரசீதாவின் மாட்யூலைத் தெர்மாமீட்டரோடு ஒத்துப் பார்த்தார். இம்மியும் பிசகவில்லை. அப்படியானால் ஜித்தின்தான் என்று முடிவு கட்டினார். இனி அவனுக்கு வேலை கிடையாது, திங்கட்கிழமை கடிதம் போகும் என்றார். இந்த வேலையை விட்டால் ஜித்தின் கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பிரசீதா வாயைத் திறந்தால் மூன்று வருஷக் குட்டு வெளிப்படும். அவள் திறக்கவில்லை.

மனசு கேட்காமல் சனிக்கிழமை பனச்சமூட்டுக்கு பஸ் ஏறினாள். ஜித்தின் புரோகிராமைத் திறந்து காட்டினான். ஒளிக்க அவனிடம் எதுவும் இல்லை. எட்டாவது வரியில் இருந்தது: வந்த எண்ணிலிருந்து இரண்டைக் கழி.

“நீ அண்ணைக்கு ரெண்டு கூட்டித் தந்தே, நான் ரெண்டு கொறச்சேன். இப்பம் நீ சரியாத் தாறது எனக்கு எப்பிடித் தெரியும்?”

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“அண்ணைக்கு உனக்க வேலை நிரந்தரம் ஆவல்ல. சொன்னா அவரு உன்ன அனுப்பியிருப்பாராக்கும்.”

நன்றி சொல்ல வேண்டிய இடம். அவளுக்கு வந்ததோ கோபம். இவனுடைய இரக்கமும் அவளுடைய மானமும் சேர்ந்துதான் மருந்தைக் கெடுத்திருந்தன. ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேரும் நல்லது செய்திருக்கிறார்கள்! அவனைத் திட்டவும் முடியாமல், டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

திங்கள் காலை விஜயதாஸ் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் எல்லாவற்றையும் பூசி மெழுகாமல் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்தார். ஜித்தினிடம் அந்த வரியை எடுக்கச் சொன்னால் போதாதா என்றார். போதாது என்றாள். இன்னும் யார் யார் வாய் திறக்காமல் இரண்டைக் கழிக்கிறார்களோ, யாருக்குத் தெரியும்? பழைய பெயரில் கூப்பிட்டால் பழைய எண்ணே வரட்டும். சரியான எண்ணுக்குப் புதிய பெயர் வைப்போம்.

“அப்பம் தப்பு அங்ஙனயே கெடக்குமா?”

“கூப்பிட ஆள் உள்ளது வரை கெடக்கும் சார்.”

அவர் கடிதத்தைக் கிழித்தார். அந்த வருஷம் தனக்கு வரவிருந்த தலைமைப் பொறுப்பும் அதோடு போயிற்று என்பது, அவர் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. இடத்தில் வந்து உட்கார்ந்தாள். நாளைக்கு வேறு யாராவது தன்னைப் போல ஒழுங்கு செய்யக் கிளம்பிவிடக் கூடாதே என்று, மாட்யூலோடு போகும் குறிப்பில் தட்டெழுதினாள்:

“பழைய அழைப்பு இரண்டு டிகிரி கூடுதலாகச் சொல்லும். பிழை பிரசீதாவுடையது. திருத்தக் கூடாது.”