அக்காவின் மோட்டார் சைக்கிள்

தம்பிக்கு வயது நாற்பத்தாறு. கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். தலைமுடியில் பாதி போய்விட்டது. ஆனாலும் மாடியில் குடியிருக்கும் அக்காவுக்கு அவன் தம்பிதான் என்பதால் நாமும் அப்படியே அழைப்போம்.

வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழைகிற சந்து. அதில் பதினோரு வருஷமாக அக்காவின் மோட்டார் சைக்கிள் நின்றது. அக்கா நில அளவையாளராக இருந்தவள். அளவுச் சங்கிலியைப் பின்னால் கட்டிக்கொண்டு அதில் காடுமேடெல்லாம் சுற்றினாள். பிறகு அலுவலகத்திலேயே நாற்காலி வேலை கிடைத்தது. அன்றைக்குத் தார்ப்பாயைப் போட்டு மூடியவள் அதை மறுபடி தொடவில்லை.

ஒரு நாள் தம்பியின் மனைவி கெடு வைத்தாள். "வாஷிங் மெஷினுக்கு எனக்கு அந்தச் சந்து வேணும். ஒரு மாசத்துல இத ஓட வைங்க. இல்லன்னா பழைய இரும்புக்காரரக் கூப்பிட்டுடுவேன்."

"இரும்புக்காரர் எதுக்கு? எனக்கு நாலு ஞாயித்துக்கிழமை போதும்."

கண்ணாடி வில்லையை மயிரிழை பிசகாமல் தேய்க்கிற கை. இந்த இரும்பு எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டான்.

முதல் ஞாயிறு தார்ப்பாயை உருவும்போதே அக்கா இறங்கி வந்தாள். "டேய், உதைக்கிறதுக்கு முன்னாடி அந்த..."

"அக்கா, ஓட்டுறது வேற, ரிப்பேர் வேற. நீ மேல போய் உக்காரு. புகை வந்ததும் நானே கூப்பிடுறேன்."

அக்கா "சரிப்பா" என்று படியேறிப் போய்விட்டாள்.

புகை வரவில்லை. டேங்கில் பெட்ரோல் பிசினாய்க் காய்ந்திருந்தது. அதைச் சுரண்டிக் கழுவவே இரண்டு ஞாயிறு ஓடிவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றி மனைவியின் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். மாட்டினான். மறுபடி கழற்றினான். புது பிளக் போட்டான். பொறி நீலமாய்ச் சுளீரென்று அடித்தது. பொறி இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, காற்று இருக்கிறது. அப்புறம் இந்தச் சனியனுக்கு என்னதான் குறை? உதைத்தால் ஒரு தடவை இருமும், உடனே அடங்கிவிடும். அந்த ஒற்றை இருமல்தான் அவனை வதைத்தது. அடியோடு செத்த வண்டி என்றால் தலை முழுகிவிடலாம்.

உதிரி பாகக் கடைக்காரர் ஒன்று சொன்னார். செல்போன் வீடியோக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவன் பேச்சைக் கேட்டு, பொறிக்கு மின்சாரம் தருகிற மேக்னெட்டோவைத் திறந்தான். இன்னொருவன் பேச்சைக் கேட்டு அதற்குள் இருந்த பாயிண்ட் இடைவெளியை மாற்றினான். மனசு விட்டுப்போன நாட்களில் சைலன்சரை முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று துடைத்தான். வலது கணுக்கால் வீங்கியது. கடையில் நொண்டி நொண்டி நடந்தால், "எங்க சார் விழுந்தீங்க?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

மனைவியிடம் தவணை மேல் தவணை வாங்கியதில் நாலு ஞாயிறு நாலு மாதமானது. அக்கா மாடியில் துணி காயப்போடும்போது எட்டிப் பார்ப்பாள். வாயைத் திறக்க மாட்டாள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உதைத்த கிக்கர் எதிர்த்து வந்து முழங்கால் எலும்பில் ஓங்கி அடித்தது. வலியில் அவன் வீசி எறிந்த ஸ்பானர் மனைவியின் துணி வாளியைப் பொத்துக்கொண்டு போனது. சோப்புத் தண்ணீர் சந்து முழுக்க ஓடியது.

மனைவி செல்போனை எடுத்தாள். யாரைக் கூப்பிடப் போகிறாள் என்று கேட்க வேண்டியதில்லை.

அப்போதுதான் அக்கா இறங்கி வந்தாள். கையில் நுனி வளைத்த கம்பி. சைலன்சரின் வாய்க்கு நேராகக் குந்தி, கம்பியை ஒரு முழம் உள்ளே விட்டுத் திருகி இழுத்தாள். கன்னங்கரேலென்று காக்கித் துணி ஒன்று வந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"எலி பூந்துடும்னு நான்தான் அடைச்சேன்" என்றாள். "புகை வெளிய போக வழியில்லன்னா வண்டி எப்படிடா ஓடும்?"

தம்பிக்குக் காது மடல் சுட்டது. "நாலு மாசம்! மேல நின்னு பாத்துட்டே இருந்தியா?"

"மொத நாளே சொல்ல வந்தேன். மேல போய் உக்காருன்னு சொன்ன. உக்காந்திருந்தேன்."

"சொன்னா? அதுக்காக அப்படியே விட்டுடுவியா?"

"வேற யாராவது அப்படிச் சொல்லியிருந்தா அடுத்த நாளே வந்து சொல்லியிருப்பேன். நீ சொன்னியே, அதான்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளாவது தன் பக்கம் நிற்பாள் என்று நினைத்தவனுக்கு அதுவும் போயிற்று.

சரி, அடைப்புதான் போய்விட்டதே என்று வீங்கிய காலோடு உதைத்தான். இப்போது அந்த இருமல்கூட வரவில்லை.

"எதெதத் தொட்ட?" என்று அக்கா கேட்டாள்.

அவன் வரிசையாகச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. "நல்லா இருந்ததையெல்லாம் கெடுத்து வச்சிருக்க. முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எழுதியாவது வச்சியா?"

எழுதவில்லை. கடையில் ஒவ்வொரு கண்ணாடிக்கும் உறையில் அளவெழுதி ஒட்டாமல் மேஜையைவிட்டு எழுந்திருக்காதவன், இதில் ஒரு வரி எழுதவில்லை. அக்காவின் மேல் வந்த கோபம் திரும்பி அவன்மேலேயே விழுந்தது. சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டான்.

அடுத்த மூன்று வாரம் அவன் சந்துப் பக்கம் போகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடையில் ஒரு பெரியவருக்கு வில்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்வை சோதித்துக்கொண்டிருந்தபோது மனைவி போனில் கூப்பிட்டாள். முதலில் அவள் பேசுவதே கேட்கவில்லை. தடதடதடவென்று ஒரு சத்தம்தான் காதை நிறைத்தது.

"கேக்குதா? உங்க அக்கா அந்த மேக்னெட்டோவ சரி பண்ணாங்க, நான் உதைச்சேன்!"

"நிறுத்தாதீங்க! நான் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க!" என்று அவன் கத்தினான்.

"பெட்ரோலுக்கு யாருடா அழுவா?" என்று அக்காவின் குரல் பின்னாலிருந்து கேட்டது. சத்தம் நின்றது.

"தம்பி, இன்னும் மங்கலாத்தான் தெரியுது" என்றார் பெரியவர்.

அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். கடையை விட்டு ஓட முடியாது. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் நெஞ்சுக்குள் என்னவோ எரிந்தது. நாலு மாத ஞாயிறு அவனுடையது, கணுக்கால் அவனுடையது, அந்த முதல் சத்தம் மட்டும் வேறு இரண்டு பேருக்குப் போய்விட்டது.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சந்துக்குப் போய் உதைத்தான். பத்து, பதினைந்து, இருபது. வண்டி அசையவில்லை. மாடியில் அக்கா வாயைத் திறந்தாள். அவன் கையைக் காட்டித் தடுத்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

நொண்டிக்கொண்டே உள்ளே வந்தவனுக்கு மனைவி தண்ணீர் கொடுத்தாள். "எத்தனாவது உதையில எனக்கு வந்துச்சுன்னு சொல்லட்டுமா, இல்ல சாப்பிட்டு முடிச்சதும் சொல்லட்டுமா?"

"சாப்பிட்டுட்டுச் சொல்லு" என்றான் தம்பி.