ஜினியின் ஸ்டாண்டு

இஸ்ரவேலைப் போல ஒரு தகப்பனை நான் எங்கும் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம். குலசேகரத்தில் என் சைக்கிள் கடைக்கு நேர் எதிரேதான் அவன் வீடு.

அவனுடைய இளைய மகள் ஜினிக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே இடது கால் குட்டை. தெருப் பிள்ளைகள் சைக்கிளில் பறக்கும்போது ஜினி வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பார்க்கப் பொறுக்காமல் ஒரு சின்ன சைக்கிளைப் பிரித்து, சீட்டைத் தாழ்த்தி, இடது பெடலின்மேல் ரப்பர்மரக் கட்டை வைத்து, கால் நழுவாமல் வாரும் மாட்டிக் கொடுத்தேன். பிள்ளை விழுந்து எழும்பிப் பழகியது. ஒரு சாயங்காலம் வியர்த்து ஒழுக வந்து, எல்லாரையும் முந்திவிட்டேன் மாமா என்றது. எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை.

மறுவாரம் இஸ்ரவேல் அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். மூத்தவள் பிரிஜாவைப் பெண் பார்க்க மார்த்தாண்டத்திலிருந்து வருகிறார்களாம்.

“கட்டையக் கழற்றும் ஓய். அதக் கண்டா காலக் கேப்பாவ. குடும்பத்துல குறைன்னு போயிருவாவ.”

போடா என்றேன். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தியால் அவனே வாரை அறுத்தான். கட்டை அடுப்புக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்கினார்கள். தங்கச்சியைக் காட்டாமல் முடியாது; நடந்தால் நொண்டுவது தெரியும். சைக்கிளில் இருக்கிற பிள்ளைக்குக் கால் குறை என்று யார் நினைப்பார்கள்? ஸ்டாண்டு போட்ட சைக்கிளில், நீளப் பாவாடையோடு, ஜினியை முற்றத்தில் ஏற்றி வைத்திருந்தான். அவர்கள் போகும்வரை இறங்கக்கூடாது என்று உத்தரவு. மூளையைப் பாருங்கள் சண்டாளனுக்கு!

வெயில் ஏறியது. மாப்பிள்ளையின் அம்மா நல்லவள். அச்சுமுறுக்கை நீட்டி, உள்ளே வா மக்களே என்று கூப்பிட்டாள். ஜினி மாட்டேன் என்று தலையாட்டியது. சரியான சைக்கிள் பைத்தியம் என்று இஸ்ரவேல் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். சீட்டிலிருந்து மூத்திரம் சொட்டியதை நான்தான் பார்த்தேன். ரோட்டைக் கடந்தேன். வராதே என்று பிள்ளை கண்ணாலேயே கெஞ்சியது. நின்றுவிட்டேன்.

சம்பந்தம் உறுதியானது.

நேற்று ஜினி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நொண்டி நொண்டிக் கடைக்கு வந்தது. புதுக் கட்டை ஒன்று செதுக்கித் தயாராகவே வைத்திருந்தேன். எடுத்துப் பெடலில் வைக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டது.

“கட்டை வேண்டாம் மாமா. ஸ்டாண்டு மட்டும் ஆடாம வச்சுத் தாங்க. கல்யாணத்தன்னைக்கு சர்ச்சு முற்றத்துல ரொம்ப நேரம் இருக்கணும்.”