ஹாஸ்விங்கல் வீட்டு எச்சில்

எச்சில் துப்புவதற்காக என் அண்ணன் எபோ கோட்டு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அதுவும் கூடத்தின் நடுவில், கோர்நேலிஸ் ஹாஸ்விங்கல் துரையின் படத்துக்கு நேர் கீழே. பாட்டனுக்குப் பாட்டன் என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் ஹாலந்துக்காரர் அவர். எபோவின் கையில் சுண்டுவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் போட்டிருந்த கோடுவரை துப்பி ஹாலந்துக்கு அனுப்பவேண்டும். அங்கே துரையின் வம்சத்தார் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். எங்கள் எல்மினா ஊர்க் கழிமுகத்தில் முதல் வலை வீசும் ஜூலைச் செவ்வாய்க்கிழமைத் திருவிழாவுக்கு வந்து, ஆப்பிரிக்கச் சொந்தங்களைக் கட்டிப்பிடித்துப் படமெடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். கட்டிப்பிடிக்கும் முன் எச்சிலைப் பரிசோதித்துக்கொள்வது அவர்கள் ஜாக்கிரதை.

வாழ்நாளெல்லாம் ஊர்மேல் காறித் துப்பிய வாய். அன்றைக்குப் பார்த்து ஒரு சொட்டு ஊறவில்லை.

"பொரிச்ச வாழைப்பழத்த நெனச்சுக்க அண்ணே."

"சும்மா இரு அபா. குடும்ப விஷயம் நடந்துக்கிட்டிருக்கு."

நான் மருத்துவச்சியாக இருந்து ஓய்வு பெற்றவள். எல்மினாவில் இன்று நடமாடுகிறவர்களில் பாதிப் பேரை நான்தான் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். மீதிப் பாதி நான் லீவில் இருந்தபோது பிறந்தவர்கள். பனிக்குடம் என் மடியில் உடைந்த கையோடு மீன்குழம்பு சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கே அந்தப் படத்தைப் பார்த்தபடி ஒரு கவளம் இறங்காது. முகம் முழுக்க மங்கிப்போயும் உதடு மட்டும் ஈரமாகப் பளபளக்கும், பன்றிக்கொழுப்பைத் தின்றுவிட்டுத் துடைக்காமல் வந்தவனைப் போல. ஊர்க் கடலோரத்து ஹாலந்துக் கோட்டையில் தங்கமும் தந்தமும் வியாபாரம் செய்தவர் என்று எபோ சொல்வான். கோட்டையின் அடித்தளத்தில் சங்கிலி போட்டு யாரை அடைத்து வைத்து விற்றார்கள் என்பது ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். ஆனாலும் வீட்டில் எந்தச் சடங்கானாலும் முன்னோர்களுக்கு ஊற்றும் முதல் ஜின் அந்த உதட்டுக்குத்தான். "கோர்நேலிஸ் துரையே, வாங்கிக்கோ" என்று குடும்பத் தலைவனான எபோ தரையில் ஊற்றுவான். பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் துரையின் தொப்பி. பூச்சி தின்றது போக விளிம்பு மட்டும் மிச்சம். எங்கள் மூதாதை குழந்தையாகக் கிடந்தபோது துரை தன் கையாலேயே அதை அவன் தலையில் கவிழ்த்தாராம்.

நாங்கள் எல்லோரும் துப்பி முடித்தும் குழாய்களில் ஒன்று மிஞ்சியது. அதை மடியில் செருகிக்கொண்டு கொல்லைப்புறம் போனேன்.

அங்கே மான்ஸா மீன் புகைபோட்டுக்கொண்டிருந்தாள். கொல்லை அறைகளில் ஐந்தாறு தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவளுடையது. எப்படி வந்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஒருவரின் பூர்வீகத்தை இன்னொருவர் வாயால் சொல்லக்கூடாது என்பது எங்கள் சட்டம். நல்ல சட்டம்தான். வாயால் சொல்லமாட்டோம், பிணத்தை எங்கே கிடத்துகிறோம் என்பதில் சொல்லிவிடுவோம். ஹாஸ்விங்கல்கள் செத்தால் கூடத்தில், பித்தளைக் கட்டிலில், ஊரே வந்து பார்க்கும்படி. கொல்லைக்காரர்கள் செத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இடுகாட்டுக்கு. மான்ஸாவின் அம்மா அப்போது ஆஸ்பத்திரிக் குளிர் அறையில், எங்கள் ஊர் வழக்கப்படி மாதக்கணக்கில் அடக்கத்துக்குக் காத்துக் கிடந்தாள். அவளைக் கூடத்தில் கிடத்தவேண்டும் என்று மான்ஸா எபோவிடம் மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

"தொர ரத்தம் ஓடுறவங்களுக்குத்தான் கூடம்னு தலைவர் சொல்லிட்டாரு சிஸ்டர். ஆயுசு பூரா அம்மாதான் அந்தக் கூடத்தத் தொடச்சா. ஒரு நாள் படுக்கக் கூடாதா?"

அந்த அம்மாவுக்குச் சாம்பல் நிறக் கண். மான்ஸாவின் இரண்டு பிள்ளைகளும் அதே கண்ணோடுதான் என் கைக்கு வந்தார்கள். நானும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டவள். சட்டம் வாய்க்குத்தான், குழாய்க்கு இல்லை.

"இதுல துப்பு" என்றேன்.

மான்ஸா கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். ஒரே துப்பலில் குழாய் நிறைந்தது.

முடிவு வந்த அன்று எபோ தன் கைபேசியைத் தலைகீழாகப் பிடித்துக்கூடப் படித்துப் பார்த்தான். எங்கள் எச்சிலில் ஹாலந்து ஒரு துளியும் இல்லை. அவன், நான், எங்கள் சித்தப்பா மக்கள், ஒருவருக்கும் இல்லை. மான்ஸாவை மட்டும் சங்கத்துக்காரர்களில் ஏழெட்டுப் பேருக்குத் தூரத்துத் தங்கை என்று காட்டியது.

"கொழாய மாத்திப்புட்டானுங்க" என்றான் எபோ.

"யாரும் மாத்தல. அங்க வாசல்ல போகுது பாரு ஒரு பொண்ணு. அது பேரென்ன?"

"அபா ஹாஸ்விங்கல். படகுத் தச்சன் மக."

"என் பேருல்ல அது? நான் பெத்தேனா?"

எங்கள் ஊரில் ஒருவர்மேல் மதிப்போ, ஒருவரால் ஆகவேண்டிய காரியமோ இருந்தால் அவர் முழுப்பெயரையும் பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள், குலப்பெயர் உட்பட. பிரசவம் பார்த்த நன்றிக்கு என் பெயரை வாங்கிக்கொண்ட பெண்களை நிற்கவைத்தால் வரிசை கோட்டையைத் தாண்டிக் கடலில் இறங்கும். பெயர் கொடுத்தவர் பெயர்சூட்டுக்கு ஒரு பரிசு கொண்டுபோகவேண்டும். நான் அலுமினியப் பாத்திரம் கொடுப்பேன்.

"தொர தொப்பி குடுத்தாரு" என்றேன். "பெத்த அப்பனா இருந்தா தொப்பியோட விட்டிருப்பானா? தொப்பி வாங்கின அந்தப் புள்ளையப் பெத்தவன் தொரைக்குப் படகு தள்ளின எவனோ ஒருத்தன். மொதலாளி மனசு குளிரட்டும்னு புள்ளைக்கு அவரு பேர வெச்சிருக்கான். பேரு நம்மகிட்ட. தொர பெத்து, பேரு குடுக்காம போட்டுட்டுப் போன புள்ளைங்க கொல்லையில."

இந்த வழக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்குப் போய் இது தோன்றவில்லை. தோன்றாமல் இருந்ததில் சௌகரியம் இருந்தது.

படகு தள்ளினவன் பேரன் என்றால் எபோ தலை நிமிர்ந்து நடக்கலாம், யாரையும் விற்காத கை அது என்றுகூட நினைத்தேன். எபோ நினைத்தது வேறு. அன்று மாலையே ஜின் புட்டியும் புதுத் துணியுமாகக் கொல்லைக்குப் போனான். நாற்பது வருஷமாக "ஏய்" என்று மட்டுமே கூப்பிட்ட வாய் "மான்ஸா, தங்கச்சி" என்றது. புகைபோடாமல் விட்ட மீனில்கூட அந்த வார்த்தையின் நாற்றத்தை நான் கண்டதில்லை.

"அம்மாவக் கூடத்துலயே படுக்க வெப்போம் தங்கச்சி. தொர படத்துக்குக் கீழயே. நீ மட்டும் செவ்வாக்கிழம ஹாலந்துக்காரங்களோட நம்ம குடும்பமா நின்னு ஒரு போட்டோ."

"நேத்து வரைக்கும் நான் யாரு தலைவரே?"

"அதெல்லாம் பேசக்கூடாதும்மா. பூர்வீகத்த வாய்விட்டுச் சொல்லக்கூடாதுன்னு சட்டமே இருக்குல்ல."

மான்ஸா அடுப்பிலிருந்த மீன் தட்டை எடுத்துக் கீழே வைத்தாள். கையைத் துடைக்க அவனுடைய புதுத் துணியை எடுக்கவில்லை. தன் இடுப்புத் துணியிலேயே துடைத்தாள்.

"எங்கள அந்தத் தொர வெலைக்கு வாங்கினான். வாங்கினவளத் தூக்கிட்டுப் போய்ப் படுக்க வெச்சான். இப்ப நீங்க அதையே எனக்குப் பெருமைன்னு கொண்டாந்து குடுக்கிறீங்க. கூடம் வேணும். அவ தொடச்ச கூடம், அதனால வேணும். ஆனா எங்கம்மா தலைக்கு மேல அந்த வாய் இருக்கக்கூடாது."

எபோ என்னைப் பார்த்தான். நான் உதவவில்லை.

"சரி, எறக்கிடுவோம்" என்றான். பிறகு என் காதில், "செவ்வாக்கிழம திரும்ப மாட்டிக்கலாம்" என்றான்.

சனிக்கிழமை விடிந்ததும் மான்ஸாவின் அம்மா கூடத்தில் பித்தளைக் கட்டிலில் கிடந்தாள். ஊரே வந்தது. என் பெயர்க்காரிகளே வாசலை அடைத்துவிட்டார்கள். தலைமாட்டுச் சுவரில், படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. படம் கொல்லையில் அடுப்போரம் சாத்திக் கிடந்தது. மான்ஸாவின் கோழி ஒன்று அதன் மரச்சட்டத்தின்மேல் ஏறி நின்றிருந்தது.

ஜின் ஊற்றும் நேரம் வந்தது. எபோ கோட்டோடு எழுந்து நின்று கோப்பையைச் சாய்க்கக் கையை உயர்த்தினான். முதல் பெயரைச் சொல்லவேண்டும். பழக்கத்தில் அவன் கண் சுவருக்குப் போயிற்று, வெறும் சதுரம். அங்கிருந்து இறங்கிக் கட்டிலுக்கு எதிரே நின்ற மான்ஸாவிடம் வந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை. எபோ உதட்டை நக்கிக்கொண்டான். மறுபடி நக்கிக்கொண்டான். அன்றைப் போலவே ஒரு சொட்டு ஊறவில்லை. கோப்பை தானாகவே மெல்லச் சாய, ஜின் அவனுடைய பளபளப்பான வலது பூட்ஸின்மேல் ஒழுகத் தொடங்கியது.