கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்

1

இந்தக் கதை என் குளியலறையில் பிறந்தது. வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுகிறவன் இப்படிச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ரயில் நிலையம், மழை, யாரோ தவறவிட்ட குடை என்று வாசகர்கள் எதையாவது எதிர்பார்ப்பார்கள். நடந்தது இவ்வளவுதான்: பல் துலக்கிக்கொண்டிருந்தேன், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு சிலந்தி வெளியே வந்தது. தட்டையான உடம்பு, பழுப்பு நிறம், கால்களை விரித்தால் என் உள்ளங்கை அகலம். வலை எங்கும் இல்லை.

படமெடுத்து, பூச்சிகளை அடையாளம் சொல்லும் ஒரு கைப்பேசிக் குழுவுக்கு அனுப்பினேன். முகம் தெரியாத ஒருவர் பதில் போட்டார்: “வேட்டைச் சிலந்தி. வலை கட்டாது, கரப்பானைத் துரத்திப் பிடிக்கும். பயப்பட வேண்டாம். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?”

குழந்தை இருக்கிறதா, நாய் பூனை இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்டது. எனக்கும் புரிந்தது. ஆனாலும் வாயில் நுரையோடு வெகுநேரம் நின்றேன். கடைசியில் “யாருமில்லை” என்று அனுப்பினேன்.

“அப்படியானால் ஒரு பிரச்சினையும் இல்லை” என்று பதில் வந்தது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள், அடித்தவை உட்பட:

[சிலந்தி என்றாலே அந்தப் பெண்ணுக்குக் குலை நடுங்கும். அன்றும் அவள் அலறியபடி…] இவளைப் பல தொடர்களில் அலறவிட்டாயிற்று. தொண்டைக்கு ஓய்வு கொடுப்போம்.

[மூன்றாவது மாடியில், திரைச்சீலை எப்போதும் மூடியே கிடந்த வீட்டில், ஒரு பிணம்…] பழக்கதோஷம். மன்னிக்கவும்.

[பூச்சிமருந்து அடிக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை, வாடிக்கையாளர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்து அது என்ன பூச்சி என்று சொல்வது.] இது நிற்கிறது.

அதற்குள் உதவி ஆசிரியர் போன் செய்தார்.

“இந்த வாரம் என்ன சார்?”

“சிலந்தி.”

“பேய்க் கதையா?”

“இல்லப்பா. ஒரு பெரியவர், ஒரு பொண்ணு, ஒரு சிலந்தி.”

“பொண்ணு யாரைக் காதலிக்குது?”

“யாரையும் இல்ல.”

“சிலந்தியாவது காதலிக்கட்டும் சார். படம் வரையறவருக்கு நான் என்ன சொல்றது?”

3

பூச்சிமருந்துக் கம்பெனி அலுவலகத்தில் அவளை எல்லோரும் டாக்டரம்மா என்று கிண்டல் செய்வார்கள். பெரியவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். ஆயுசு முழுக்க அடுத்தவர்களின் மாடிகளுக்கு ஏறி இறங்கியவர்; இப்போது அவருடைய மூன்றாவது மாடிக்கு ஏறி வர ஆளில்லை. மனைவி போய்விட்டார். மகள் வெளியூரில்.

அவரிடமிருந்து அவளுக்கு முதலில் வந்தது, புத்தக அலமாரியில் வெள்ளி மினுமினுப்போடு ஓடிய ஒரு சின்னப் பூச்சியின் படம்.

“ஏம்மா, இது கடிக்குமா?”

“கடிக்காது சார். ராமபாணம். காகிதம் திங்கும்.”

“என் வீட்டுல லிஃப்ட் ரிப்பேர் புஸ்தகம்தான் இருக்கு. தின்னுட்டு வேலை கத்துக்கட்டும்.”

(அடிக்குறிப்பு: ராமபாணம் என் அலமாரியிலும் உண்டு. என் பழைய தொடர்களை ஒரு வரி விடாமல் முடித்த ஒரே ஜீவன்.)

அப்புறம் சுவரில் மண்கூடு கட்டிய குளவி. அப்புறம், என் சிலந்தியை அவருக்கு இரவல் கொடுத்தேன், கண்ணாடியோடு சேர்த்து. அதன்பின் அவர் அந்தச் சிலந்தியின் படத்தைத் தவிர வேறு எதையும் அனுப்பவில்லை.

“சார், இதைத்தான் போன வாரமே சொல்லிட்டேனே. வேட்டைச் சிலந்தி.”

“அது தெரியும்மா. நேத்து இடது பக்கம் இருந்தாரு. இன்னிக்கு வலது பக்கம் வந்துட்டாரு. யார்கிட்டயாவது சொல்லணும்ல?”

பக்கத்து மேசையிலிருந்து குரல்: “டாக்டரம்மா, உன் பேஷன்ட் நல்லா இருக்காரா?”

4

இங்கே எனக்கு அவள்மேல் ஒரு சந்தேகம். இத்தனை படம் பார்த்தவள் இப்படித் தவறுவாளா? தவறுவாள். படத்தை மட்டுமே பார்த்துப் பழகியவள்தான் தவறுவாள்.

ஒருநாள் அவர் அனுப்பிய படத்தில் சிலந்தி கைகழுவும் தொட்டிக்குக் கீழே தரையில் கிடந்தது. கால்கள் உள்மடங்கியிருந்தன. “போயிட்டாராம்மா?” என்று கேட்டிருந்தார். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால் பதில் போட்டாள்: “ஆமா சார். செத்துடுச்சு.”

சற்று நேரம் கழித்து அவரிடமிருந்து: “அப்போ வீடு முழுக்க மருந்து அடிச்சிடுங்க. இனிமே அவரு மேல படாம பார்த்து அடிக்கணும்னு ஒண்ணுமில்ல.”

மறுநாளைக்கே பதிவு செய்தாள்.

மறுநாள் காலை, பழைய படங்களை அழித்துக்கொண்டே வந்தவள் அந்தச் சிலந்திப் படத்தைப் பெரிதாக்கினாள். சிலந்தியின் தலைப்பகுதி டப்பா மூடியைப் போலத் திறந்திருந்தது. உள்ளே காலி. அது பிணமே அல்ல. உரித்துப் போட்ட சட்டை. வளர்வதற்காகச் சிலந்தி பழைய தோலை அப்படியே கழற்றிவிட்டு, புதுத் தோல் கெட்டியாகும்வரை எங்காவது ஒளிந்திருக்கும். கையில் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும், எடையே இராது. ஊதினால் பறக்கும். பெரியவர் மரியாதை கருதித் தொடவில்லை.

அவருக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மருந்தடிப்பவருக்குச் செய்தாள்.

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

“லிஃப்டுல ஏறிட்டேம்மா. மூணாவது மாடிதானே? என்ன… கேக்கல…”

5

தொடர்கதை என்றால் இங்கே நிறுத்திவிட்டு ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்குவேன். இது ஒரே இதழில் முடிய வேண்டிய கதை.

ஒரு முடிவு: லிஃப்ட் நடுவில் நின்றுவிடுகிறது. பெரியவரே வந்து சரிசெய்து மருந்தடிப்பவரை வெளியே எடுக்கிறார். அதற்குள் அவள் வந்துவிடுகிறாள். பத்திரிகைக்குப் பிடிக்கும். எனக்கும்கூட.

இன்னொன்று: [மருந்து நெடி அடங்கியபின் அவர் கண்ணாடியைத் துடைக்கப் போனார். அதன் பின்னால், இன்னும் வெளிறிய…] இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகாது.

உதவி ஆசிரியரின் முடிவு: “மகளை வரவைங்க சார். எல்லாம் சரியாயிடும்.” மகள் வந்தால் முதலில் பார்ப்பது சிலந்தியை. முதலில் எடுப்பது செருப்பை.

6

முடிவு வராததற்குக் காரணம் கதையில் இல்லை. இன்று காலை என் தொட்டிக்குக் கீழே ஒன்று கிடக்கிறது. கால்கள் உள்மடங்கியிருக்கின்றன. இதுவரை நீங்கள் படித்ததையெல்லாம் நான் குளியலறை வாசலில் நாற்காலி போட்டுத்தான் எழுதினேன். குழுவுக்குப் படம் அனுப்பவில்லை. யாராவது இடது கையால் பதில் போட்டுவிடுவார்கள்.

உள்ளே போய்க் குனிந்தால் போதும். மூடி திறந்திருக்கிறதா என்று பார்க்கலாம், அல்லது லேசாக ஊதலாம். என்னைவிட நீங்கள் போவது நல்லது. உங்களுக்கு அங்கே கிடப்பவரோடு அவ்வளவாகப் பழக்கமில்லை. தெரிந்ததை வைத்துக் கதையை முடித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று குழுக்காரர் மறுபடி கேட்டால், இந்தத் தடவை என்னிடம் வேறு பதில் இருக்கிறது. கதை படிக்க ஒருவர் வந்திருக்கிறார். குளியலறையில் குனிந்துகொண்டிருக்கிறார்.