பதினாலில் முதல் துண்டு

எங்கள் அண்ணனுக்கு ஒரு வியாதி உண்டு. எதிராளியின் வாதத்தை எதிராளியைவிட அழகாக அவரே எடுத்துச் சொல்வார். அதை முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் தன் பதிலைத் தொடங்குவார். மேடைப் பேச்சுக் காலத்தில் இது நன்றாகவே எடுபட்டது. எதிரணிக்காரனே கைதட்டி ஓய்ந்த பிறகு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, "சரி, இப்ப நம்ம பக்கம் என்னன்னு பார்ப்போம்" என்பார். கூட்டம் அந்த இடத்துக்காகவே காத்திருக்கும்.

இந்த முறை நகரசபைத் தேர்தலில் ஒரே பேச்சு ஞாயிற்றுக்கிழமைதான். எங்கள் ஊரில் ஞாயிறன்று கடை திறக்கக் கூடாது என்று பழைய விதி ஒன்று இருந்தது. அதைத் தூக்கிவிட வேண்டும் என்றது எதிரணி. இருக்கட்டும் என்றோம் நாங்கள். பழமைவாதிகள் என்று எங்களைத் திட்டினார்கள். அண்ணன் அந்தப் பேரைப் பதக்கம் மாதிரி சட்டையில் குத்திக்கொள்ளாத குறைதான்.

எனக்கு இது கொள்கை மட்டுமல்ல. நான் தையல் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் வெளியூர் பஸ் ஓட்டுகிறார். வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டில் இருப்பார். எதிர்ச்சாரியில் இருக்கும் பெரிய துணிக்கடைக்காரன் உள்ளேயே நாலு தையல் மெஷின் போட்டுவிட்டான். அவன் ஞாயிறு திறந்தால் நானும் திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கடையை ஏறக்கட்ட வேண்டியதுதான். கல்யாணமாகி முப்பது வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதெல்லாம் ஞாயிறு மதியங்களில்தான். அதனால்தான் தேர்தலில் நின்ற அண்ணனுக்காகச் செருப்புத் தேய அலைந்தேன்.

"அத்தை, நோட்டீஸெல்லாம் இப்ப யாரும் படிக்கிறதில்ல. வீடியோ போடணும்" என்றாள் மருமகள். என் கடைக்கு வீடியோ போட்டு வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தவள் அவள்தான். சரி என்று அண்ணனின் மூக்குக் கண்ணாடிக் கடைப் பின்னறையில் ஸ்டாண்டை வைத்து, விளக்கைப் போட்டு, அவரை உட்கார வைத்தோம்.

"மாமா, ஒரு நிமிஷம்தான். எடுத்த உடனே 'ஞாயிறு லீவு வேணும்'னு சொல்லிடுங்க."

"எதிர்த் தரப்பச் சொல்லாம பதில் மட்டும் சொல்றது அயோக்கியத்தனம்மா."

"நீங்க பதிலுக்கு வர்றதுக்குள்ள விரலால தள்ளிட்டுப் போயிடுவாங்க மாமா."

"போறவன் போகட்டும்."

பதினாலு நிமிடம் பேசினார். முதல் நிமிடமே உருக்கிவிட்டது. "ஆறு நாளும் வேலைக்குப் போற பொண்ணு, தன் குழந்தைக்கு ஒரு சட்டை வாங்க ஞாயித்துக்கிழமைய விட்டா வேற நாள் ஏது? அவ வந்து நிக்கும்போது கதவச் சாத்துற உரிமைய நமக்கு யார் கொடுத்தா?" நாங்கள் எந்தக் கட்சி என்பதே எனக்கு ஒரு கணம் மறந்துபோனது.

மருமகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "பதினாலு நிமிஷத்த யாரு பார்ப்பா?"

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். வெட்டித் தைப்பது என் தொழிலாயிற்றே. "ஒவ்வொரு நிமிஷமா வெட்டிப் போடேன். ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுடு. வேணும்கிறவங்க தேடிப் பார்த்துப்பாங்க." அன்றைக்கு என் நாக்கில் ஊசி ஏறியிருந்தால் ஊர் பிழைத்திருக்கும்.

மூன்றே நாளில் முதல் துண்டை நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றுவது ஆறாவது துண்டில் வருகிறது. அதைப் பார்த்தவர்கள் பதினொரு பேர். அதில் மூன்று பேர் நாங்கள். எங்கள் ஆட்களே போன் போட்டு அண்ணனைத் துரோகி என்றார்கள். அவர் விளக்கம் சொல்லி இன்னொரு வீடியோ போட்டார், வழக்கம்போலச் சாவகாசமாக. அதற்கு அறுபத்தோரு பேர். நான் வீடு வீடாகப் போய், அவர் அப்படிச் சொல்லவில்லை என்று தொண்டை வறளக் கத்தினேன். "வீடியோ பார்த்தோம்மா, அருமையாப் பேசியிருக்கார்" என்று சிரித்தபடி கதவைச் சாத்தினார்கள். ஒருவராவது காது கொடுத்துக் கேட்க வேண்டுமே!

அண்ணன் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார். எந்த வழியாக உள்ளே போனால் என்ன, ஆள் நம்ம ஆள்தானே என்று நினைத்தேன். சபையில் பதினைந்து பேர். இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு, நடுவில் அண்ணன். "நம்ம ஞாயித்துக்கிழமை தப்பிச்சுது" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வாக்கெடுப்புக்கு முதல் நாள் அண்ணன் கடைக்குக் கூப்பிட்டார். ஒரு கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நாளைக்கு நான் திறக்கிறதுக்குத்தான் கை தூக்கணும்."

"என்னண்ணே உளர்றீங்க?"

"விளக்கத்தப் பார்த்தது அறுபத்தோரு பேர். மத்தவங்க எதை நம்பி ஓட்டுப் போட்டாங்க? என் வாயிலேர்ந்து வந்த வார்த்தைய. கொடுத்த வாக்கக் காப்பாத்தணும்னுதானே இத்தனை வருஷமா மேடை மேடையாக் கத்துறோம்?"

"அது உங்க வார்த்தை இல்லண்ணே! அவங்க சொல்றதத்தானே நீங்க எடுத்துச் சொன்னீங்க!"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஓட்டுப் போட்டவனுக்குத் தெரியாதே."

"அப்ப ராஜினாமா பண்ணுங்க."

"நம்பி ஜெயிக்க வச்சவங்கள நடுத்தெருவுல விட்டுட்டு ஓடச் சொல்றியா?"

கத்தினேன், அழுதேன், என் வீட்டு ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். அவர் கண்களும் கலங்கின. ஆனாலும் மனிதர் அசையவில்லை. கூடப்பிறந்தவர் என்றும் பாராமல் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் சபையில் அவர் முதலில் எங்கள் பக்கத்தை எடுத்துச் சொன்னார். வாரத்தில் ஒரு நாள் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பற்றி, அப்படி ஒரு பேச்சை என் ஆயுளில் நான் கேட்டதில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எட்டுக்கு ஏழு என்று விதி போயே போய்விட்டது. அந்தப் பேச்சின் வீடியோவில் முதல் நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு, அவரைத் துரோகி என்ற ஆட்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். "அண்ணன் எப்பவும் நம்ம ஆளுதாம்மா!" போனை வைத்துவிட்டேன்.

முதல் ஞாயிறு கடையைத் திறந்தேன். எதிர்க்கடையில் கூட்டம் அலைமோதியது. ஒரு மணிக்கு வீட்டுக்காரர் டிபன் கேரியரோடு வந்தார். வெட்டுமேசையில் துணிகளைத் தள்ளிவிட்டு இரண்டு தட்டு வைத்தார். நான் உட்காரப் போன நேரத்தில் அண்ணன் உள்ளே வந்தார், கையில் பொத்தான் போன சட்டையோடு.

"உங்க கடைய யார் பார்த்துக்கிறா?" என்றேன்.

"பூட்டிட்டேன். ஞாயித்துக்கிழமை நான் திறக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. "மச்சான், நீங்களும் சாப்பிடுங்க" என்றார் வீட்டுக்காரர். வேண்டாம் என்று அண்ணன் ஓரமாக நின்றார். பொத்தானைத் தைத்துக் கொடுத்தேன். அதற்குள் பேன்ட் சுருக்க ஒருவர் வந்தார், அளவு கொடுக்க ஒரு அம்மா வந்தார். எல்லாரையும் அனுப்பிவிட்டுத் திரும்பியபோது வீட்டுக்காரர் கிளம்பிப் போயிருந்தார். அவர் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. என் தட்டின் மேல் மூடி இருந்தது.