இஞ்சிப்பூ இல்லாத லக்சா

என் புருஷன் தெய்க் ஹின் என் சமையலைப் புகழ ஆரம்பித்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது.

எங்கள் ஊர் பாலிக் புலாவில் யாரும் சாப்பாட்டை வாயாரப் புகழ மாட்டோம். மீன் போதாது, புளி அதிகம், போன தடவை மாதிரி வராது என்று குறைகளை அடுக்கிக்கொண்டே கிண்ணத்தை வழித்துத் தின்போம். மனசு ரொம்ப நிறைந்துவிட்டால் மட்டும் "சாப்பிடலாம்" என்போம். அதற்கு மேல் பட்டம் கிடையாது. ஒரு மனுஷன் "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொன்னால், ஒன்று அவன் வெளியூர்க்காரன், இல்லையென்றால் எதையோ மறைக்கிறான்.

எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. சனிக்கிழமை கடை, ஞாயிற்றுக்கிழமை வீடு, இதுதான் எங்கள் குடும்பம். சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் ஏதாவது ஒரு கடைக்குப் போவோம். அவர் கிண்ணத்தின் ஆவியில் மூக்கை நீட்டி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். மறுநாள் அதை நான் வீட்டில் சமைப்பேன். மூக்கு அவருடையது, கை என்னுடையது. அப்புறம் சாயங்காலம் வரை அதைப் பற்றியே சண்டை. அந்தச் சண்டை இருக்கிறதே, அதன் ருசியே தனி.

நடுவில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து விட்டது. அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்து. சோயா சாஸில் பன்றி இறைச்சி வேகவைத்தேன். "அருமை" என்றார். மீன் குழம்பு வைத்தேன். "பிரமாதம்" என்றார். நான் மிரண்டுபோனேன்.

அந்தச் சனிக்கிழமை, நூடுல்ஸ் மேல் புளி மீன் குழம்பு ஊற்றித் தரும் பீ கூய் அக்காவின் லக்சா கடைக்குப் போனோம். அவர் கிண்ணத்தில் மூக்கே வைக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, "ரொம்ப ருசிங்க அக்கா" என்று எழுந்து கைகழுவப் போனார். பீ கூய் அக்கா கரண்டியோடு என்னிடம் ஓடி வந்தார்.

"ஏண்டி கைக், உன் ஆளுக்கு என்ன ஆச்சு? என் லக்சாவைப் போய்ப் புகழ்றாரு! கடையை மூடிட்டுப் போன்னு ஜாடையா சொல்றாரா?"

"என் சமையலையும் அப்படித்தான் சொல்றாரு அக்கா."

"அப்ப உஷாரா இரு. வேற எங்கயோ நல்லாச் சாப்பிடுறாரு."

அவ்வளவுதான், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் அடுப்படியில் வெந்தது நான், ருசி வேறு எவள் கையிலா? இரவெல்லாம் புரண்டேன். மறுநாள் ஒரு காரியம் செய்தேன். லக்சா வைத்தேன், ஆனால் இஞ்சிப்பூ போடவில்லை. இஞ்சிப்பூ இல்லாத லக்சா வெறும் புளி மீன் குழம்புதான், எங்கள் ஊர்ப் பூனைகூடக் கண்டுபிடித்துவிடும். வாங்கி வந்த பூவைக் கூடைக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

அவர் ஒரு வாய் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"இஞ்சிப்பூ வாசம் இன்னைக்குத் தூக்கலா இருக்கு கைக். பிரமாதம்."

பூவை எடுத்து மேஜையில் அடித்தேன். "வாசம் அடிக்குதா? யோவ் கிழவா, இதோ இருக்கு பூ, கத்தியே படல! எவ வீட்டுல தின்னுட்டு வந்து இங்க கதை விடுற?"

அவர் கோபப்படவில்லை. பூவை எடுத்து மூக்கில் வைத்து நன்றாக இழுத்தார். பிறகு கீழே வைத்தார்.

"எவ வீடும் இல்லடி. மூக்கு செத்துப்போச்சு."

எனக்குப் புரியவில்லை.

"காய்ச்சல் விட்டதுல இருந்தே இப்படித்தான். உப்பு தெரியுது, புளிப்பு தெரியுது. மத்தபடி எதைத் தின்னாலும் ஊறின காகிதம் மாதிரி இருக்கு. டாக்டரைப் பார்த்தேன். வந்தாலும் வரும், வராமலும் போகும்ங்கறாரு."

"என்கிட்ட ஏன்யா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நமக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதானே. இதுவும் போச்சுன்னா, நீயும் நானும் எதிரெதிரா உட்கார்ந்து எதைப் பேசறது?"

எவளோ ஒருத்தி இருந்திருந்தால்கூட உருட்டுக்கட்டையோடு போயிருப்பேன். இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அவர் தோளில் சாய்ந்து அழுதேன்.

சனிக்கிழமைக் கடையை நாங்கள் விடவில்லை. இப்போது நான் முகர்ந்து அவருக்குச் சொன்னேன். எனக்கு அந்த வித்தை வரவே வரவில்லை. "மழை பெஞ்ச வேலி ஓரம் மாதிரி வாசம் வருது" என்பேன். "அது புல்லுடி, இஞ்சிப்பூ இல்ல" என்று சிரிப்பார். வெளியே சிரித்தாலும் எனக்கு உள்ளுக்குள் பயம்தான். டுரியான் காலம் வந்தது, தெருவே மணத்தது. காம்பை முகர்ந்தே பழத்தின் ஜாதகத்தைச் சொல்லும் மனுஷன், குவியலைத் தாண்டிப் பேசாமல் நடந்து போனார். அதைப் பார்த்த பிறகு எனக்கு வீட்டில் உரலைத் தொடவே பிடிக்கவில்லை. யாருக்காக இடிப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசைத் தேற்றிக்கொண்டு, லக்சாவுக்கு மசாலா இடிக்க பெலாச்சான் வில்லையை வாணலியில் வாட்டப் போட்டேன். இறால் விழுதாயிற்றே, வாட்டினால் நாலு வீட்டுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ரொகாயா வேலிக்கு மேலாக எலுமிச்சம்பழம் நீட்டினாள். மருமகள் கதையை ஆரம்பித்தாள். நான் அடுப்பைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

வாசலில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தவர் சோப்புக் கையோடு ஓடி வந்தார்.

"ஏ கிழவி! பெலாச்சான் கருகுது! உனக்கென்ன மூக்கு இல்லையா?"

"கத்தாதய்யா! இதோ அணைக்கிறேன், அதுக்குள்ள என்ன குடியா முழுகிப்போச்சு?" என்று சீறிக்கொண்டே நடந்தவள், பாதியில் நின்றுவிட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். அவரும் அப்படியே நின்றிருந்தார்.

"என்ன சொன்ன?"

"கைக்... நாறுதுடி."

"நல்லா நாறுதா?"

"கொடலைப் புரட்டுது!" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அடுப்பை அணைக்கட்டுமா?"

"வேணாம் வேணாம், இன்னும் கொஞ்சம் கருகட்டும்."

வாணலிக்குப் பக்கத்தில் நின்று இருவரும் இருமிக்கொண்டும் அழுதுகொண்டும் சிரித்தோம். "உங்க ரெண்டு பேருக்கும் பைத்தியமா? வீடு பத்திக்கப்போகுது!" என்று ரொகாயா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று குதித்தாள். எங்கள் இருவர் காதிலும் அது ஏறவில்லை. எத்தனை நாள் பாரம், அந்தப் புகையோடு போய்விட்டது.

கருகியதைக் கொட்டிவிட்டு வேறு வில்லை வாட்டினேன். இஞ்சிப்பூவைப் பொடிப்பொடியாக நறுக்கித் தூவினேன். கிண்ணத்தை வைத்ததும் அவர் ஆவியில் மூக்கை நீட்டினார். எடுக்கவே இல்லை.

"முழுசா இல்ல, பாதிதான் தெரியுது" என்றார். பிறகு ஒரு வாய், இன்னொரு வாய். "மீன் போதாது. இஞ்சிப்பூ முத்தல், கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திட்டான். கருகின வாடை கரண்டியில இருக்கு, கழுவினியா இல்லையா?"

"கழுவினேன், கழுவினேன். வேற?"

"காரம் மொட்டையா நிக்குது."

"வேற?"

அவர் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, வெறும் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார்.

"சாப்பிடலாம்."