நாற்பத்தோராம் பக்கத்து இணக்கம்

வடக்கனந்தலுக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டிய அந்த ஊரின் நல்லிணக்கப் பேரவை, ஆண்டு விழா பேனரில் எந்தச் சொல்லைப் போடுவது என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசியது. ஒற்றுமை என்றால் கட்சிக் கூட்டம் மாதிரி இருக்கிறது என்றார்கள். சுமுகம் என்ற சொல்லில் போலீஸ் ஸ்டேஷன் வாசனை அடிக்கிறதாம். சமரசம் என்று போட்டால் யாரோ தோற்றிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். கடைசியில் பேரவைத் தலைவர் புலவர் தமிழரசன் கண்ணை மூடித் திறந்து, “இணக்கம்” என்றார். அந்த ஒரு சொல்லைப் பற்றியே நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதி வைத்திருந்த மனிதரின் வாயில் வேறு சொல் வந்திருக்க வழியில்லை.

செபாஸ்தியானுக்கு எந்தச் சொல்லாக இருந்தாலும் சரிதான். அவருக்கு வேண்டியது பாதை.

அவருடைய ஒரு ஏக்கர் கரும்பு, தங்கதுரையின் நிலத்துக்குப் பின்னால் இருந்தது. தங்கதுரையின் வரப்பை ஒட்டி ஒரு வண்டிப் பாதை, செபாஸ்தியானின் அப்பா காலத்திலிருந்தே உண்டு. ஊருக்கே தெரிந்த பாதை, ஆனால் எந்தக் காகிதத்திலும் இல்லை. பொங்கல் கழிந்ததும் தங்கதுரை கல்கால் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வெட்டு. வெட்டிய கரும்பை டிராக்டர் வந்து எடுக்க வேண்டும். பாதை இல்லையென்றால் கரும்பு அங்கேயே கிடந்து காயும், காயக் காய எடை போகும்.

தாலுகா ஆபீசில் மனு கொடுத்திருந்தார். மனுவை எழுதிக் கொடுத்தவர் தமிழரசன். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. தமிழரசன் தமிழாசிரியராகிப் புலவரும் ஆனார், செபாஸ்தியான் செபாஸ்தியானாகவே இருந்தார். புலவருக்கு வண்டி ஓட்ட வராது. முப்பது வருடமாகக் கள்ளக்குறிச்சிக்கோ சின்னசேலம் ரயிலுக்கோ போக வேண்டுமென்றால் செபாஸ்தியானின் டிவிஎஸ் பின்சீட்டில்தான் தமிழ் வளர்ந்தது.

விழா நாள் காலையிலும் அப்படித்தான் வந்து இறங்கினார்கள்.

“பாதைய பத்தி இன்னிக்கி பேசிடுவியாடா?” என்றார் செபாஸ்தியான்.

“அதுக்குத்தானடா இந்த விழாவே. ஊரு முன்னால வச்சி முடிச்சிடறேன். நீ கம்முனு இரு.”

ஷேர் ஆட்டோவில் வந்த செபாஸ்தியானின் மனைவி பாக்கியம் மண்டப வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். சந்தனம், கற்கண்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு தாள். தங்கதுரையின் மகள் ரம்யா பேனாவை நீட்டினாள்.

“அண்ணா, ஒரு கையெழுத்து போட்டுட்டு டோக்கன் வாங்கிக்குங்க. டோக்கன் இருந்தாத்தான் சாப்பாடு.”

“மேல பாதித் தாளு காலியா கெடக்குதே, இன்னா அது?” என்றாள் பாக்கியம்.

“தலைப்பு அப்புறமா எழுதுவாங்கக்கா. எப்பவும் அப்பிடித்தான்.”

அதில் பொய் இல்லை. எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் கையெழுத்து முதலில் வரும், தீர்மானம் பின்னால் வரும். சாப்பிட்ட கை ஈரத்தோடு பேனா பிடிக்க யாரும் விரும்புவதில்லை என்பதால் ஏற்பட்ட வழக்கம். செபாஸ்தியான் போட்டார். பாக்கியம் டோக்கனை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மேடையில் புலவர் ஒரு மணி நேரம் பேசினார். இணக்கம் என்பது அணைந்து நிற்றல் என்றார், ஒத்து நடத்தல் என்றார், குடும்பத்தில் இணக்கம், குரலில் இணக்கம், குழம்பில்கூட உப்புக்கும் புளிக்கும் இணக்கம் என்றார். “இப்பொருள்கள் அனைத்தையும் ஆராய்ந்தெழுதிய நூலை அச்சேற்றித் தந்த வள்ளல்” என்று தங்கதுரையை நோக்கிக் கை கூப்பினார். வள்ளல் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். அச்சுக்கூலி அவருடையது, மண்டபம் அவருடையது, பிரியாணியும் அவருடையதுதான்.

“முதல் பிரதியைப் பெற, இணக்கத்தின் இலக்கணமான என் பால்ய நண்பர் செபாஸ்தியானை அழைக்கிறேன்.”

செபாஸ்தியான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினார். அவருக்குள் சின்னதாக ஒரு பெருமை இருந்தது. மாடு வைத்திருந்த காலத்தில் ஏர் பூட்டுவதைப் பற்றி அவர் சொன்ன ஒரு பேச்சைப் புத்தகத்தில் போட்டிருப்பதாகப் புலவர் ஆறு மாதமாகச் சொல்லிவந்தார். போட்டோ எடுத்ததும் நாற்காலியில் உட்கார்ந்து அதைத்தான் தேடினார். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது.

*பொருள் 1: சேர்ந்து செல்லுதல். பயன்பாடு: “ரெண்டு மாடும் ஒரே உசரமா இருந்தா பத்தாது. ஒண்ணு இழுக்கறப்ப இன்னொண்ணு நிக்கக் கூடாது.” (ஓர் உழவர்)*

ஓர் உழவர். சரி, போகட்டும். இன்னும் கொஞ்சம் புரட்டினார். நாற்பத்தோராம் பக்கத்தில் அவருடைய பெயர் முழுதாக இருந்தது.

*பொருள் 7: விட்டுக்கொடுக்கும் பண்பு. பயன்பாடு: “செபாஸ்தியான் தம் வண்டிப் பாதையை இணக்கமாக விட்டுக்கொடுத்தார்.”*

இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை படிக்கும்போது மைக்கில் பேரவைச் செயலாளர் தனசேகரன் வாசலில் கையெழுத்து வாங்கிய அந்தத் தாளை வாசித்துக்கொண்டிருந்தார். காலியாக இருந்த மேல்பாதி இப்போது நிறைந்திருந்தது.

“...மேற்படி பாதை குறித்த கோரிக்கையை மனுதாரர் முழு மனதுடன் கைவிட்டு, மனுவை முடித்து வைக்குமாறு வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்கிறார். இதற்குச் சாட்சியாகக் கீழே கையொப்பமிட்டுள்ள...”

கைதட்டல். பிரியாணி வாசனை வந்துவிட்டிருந்ததால் கொஞ்சம் அவசரமான கைதட்டல்.

செபாஸ்தியான் புத்தகத்தை விரித்தபடியே புலவரிடம் போனார்.

“இன்னாடா இது?”

“நண்பரே, அமருங்கள். ஏற்புரையில் விளக்குகிறேன்.”

“நண்பரேவா? காலையில என் வண்டியில ஏறிக்கினு வரப்ப டா போட்டுத்தான பேசின?”

புலவர் மைக்கைக் கையால் பொத்தினார். பொத்தியதும் தமிழ் தரையிறங்கியது.

“டேய், கத்தாத. பொம்பளைங்கலாம் இருக்காங்க. புக்கு அச்சாயிடுச்சுடா. இப்ப வந்து இன்னா பண்ணச் சொல்ற?”

“எப்ப அச்சாச்சு?”

“போன மாசம்.”

“போன மாசம் நான் எதயும் விட்டுக்குடுக்கலயே.”

“அதான் இன்னிக்கி...” என்று ஆரம்பித்த புலவர், நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியும் அந்த வாக்கியத்தை முடிக்கச் சொல் கிடைக்காமல் பொன்னாடையைச் சரிசெய்தார்.

தங்கதுரை பல்குச்சியை எடுத்துவிட்டுப் பேசினார். “விடுய்யா செபாஸ்தியானு. ஆள வச்சி தலச்சுமையா ரோட்டுக்குக் கொண்டாந்துடு. ரெண்டு நாளு வேல. அதுக்கு வருசம் பூரா என் நெலத்துல பாத கெடக்கணுமா? ஒம் பேரு புக்குல வந்துடுச்சு, எம் பேரு அட்டயில மட்டுந்தான் வந்திருக்குது.”

“அந்தத் தாள குடுங்க,” என்று செபாஸ்தியான் தங்கதுரையிடமே கேட்டார். “எங் கையெழுத்த அடிச்சிட்டுத் தரேன்.”

“அது தனசேகரன் கையில இருக்குது. நாளைக்கி திங்கக்கெழம, ஆபீசுக்குப் போவுது.”

செபாஸ்தியான் திரும்பிப் பார்த்தார். தனசேகரன் சாப்பாட்டு வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தார். தாள் அவர் சட்டைப்பையில் நாலாக மடிந்திருந்தது. போட்டோக்காரர் வந்து மூன்று பேரையும் கை கோத்து நிற்கச் சொன்னார். செபாஸ்தியான் புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினார்.

பாக்கியம் பந்திக்குப் போகவில்லை. டோக்கனை ரம்யாவின் மேஜையில், கற்கண்டுத் தட்டுக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்திருந்தாள்.

“ஒங்க சிநேகிதக்காரரு பேசிட்டாரா?”

“பேசிட்டான்.”

“மனு எழுதினவரே அத முடிச்சும் வச்சிட்டாரு. வேல சுத்தம்,” என்றாள்.

வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தபோது பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு புலவர் வந்தார். தோளில் பொன்னாடை, கக்கத்தில் புத்தகக் கட்டு. முப்பது வருடப் பழக்கம், ஒரு கை தானாகச் சீட்டைப் பிடித்தது.

“கோவத்துல சாப்புடாம போறியேடா. சரி, என்ன வூட்டாண்ட எறக்கி வுட்டுட்டுப் போ. வழியில பேசிக்கலாம். அடுத்த பதிப்புல அந்த வரிய எடுத்துடறேன்.”

பாக்கியம் இன்னும் ஏறியிருக்கவில்லை. சீட்டு காலியாகத்தான் இருந்தது.

“எடம் இல்லீங்க, புலவரே,” என்றார் செபாஸ்தியான்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து இதுவரை தமிழரசன் அவர் வாயிலிருந்து ஒரு ‘ங்க’ கேட்டதில்லை. ஊரே போட்டு அவருக்குச் சலித்துப்போன மரியாதைதான். கை சீட்டிலிருந்து தானாக எடுபட்டது.

பாக்கியம் ஏறி உட்கார்ந்தாள்.

“வூட்டுக்கா?”

“வெட்டற ஆளுங்களாண்ட போயி தலச்சுமைக்கிச் சொல்லிடலாம். அப்புறம் ஒரு வெள்ளத்தாளு வாங்கணும். நாளைக்கி அந்தத் தாளு போய்ச் சேர்றதுக்கு முன்னால நாம ஆபீசு வாசல்ல நிக்கணும்.”

“மனு யாரு எழுதுவா?”

“நாந்தான். தப்புந் தவறுமா இருந்தா இருந்துட்டுப் போவட்டும்.”

“எழுதி முடிச்சிட்டு கையெழுத்து போடுங்க,” என்றாள் பாக்கியம்.